ஆதிரன் பேருக்கு ஓர் அர்ச்சனை

செல்போனில் தொடர்கதையைத் திறப்பதற்கு முன்பு தனகோட்டி அண்ணன் மூன்று பேருக்குத் தகவல் சொல்லிவிடுவார். முதலில் மனைவி குஞ்சம்மாளுக்கு: "ஏய், கொஞ்ச நேரம் கூப்புடாத." அடுத்து ஆபீசுக்கு: "சார், எதுனா அவசரம்னா வேற ஆளப் பாருங்க." கடைசியாக, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் நிற்கும் எனக்கு: "பாரதிம்மா, லைன் கிளியர் வாங்கிட்டன். இனிமே யாரும் என்னத் தொடக்கூடாது." அதன்பின் பிளாஸ்டிக் ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, என் கடை வைஃபையில் அந்த வாரத்து அத்தியாயத்தைத் திறப்பார்.

அண்ணன் செஞ்சியில் வயர்மேன். கம்பத்தில் ஏறுகிறவர் முதலில் துணை மின் நிலையத்துக்குப் பேசி, கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று உறுதி வாங்க வேண்டும். அதுதான் லைன் கிளியர். வேலை முடிந்து இறங்கியதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒழுங்கை அண்ணன் தொடர்கதை படிப்பதற்கும் கொண்டுவந்துவிட்டார். படித்து முடித்ததும் எழுந்து நின்று, "ரிட்டர்ன் குடுத்துட்டன்" என்று கடைக்கே கேட்கும்படி சொல்வார். அப்போதுதான் நாங்கள் மூச்சு விடலாம்.

லைன் கிளியர் வாங்கினாலும் நம்பிவிடுகிற ஆளில்லை. கம்பியைத் தொடும் முன் கடைசியாக ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். "உள்ளங்கையால தொட்டா கை கம்பியக் கெட்டியா புடிச்சிக்கும். புறங்கைன்னா உதறி உட்டுடும்" என்பார். வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம் கையோடு ஒட்டிக்கொண்டது. டீ கிளாஸ், என் ஜெராக்ஸ் மெஷின், காய்ச்சல் என்று சொல்லும் பக்கத்துக் கடைக் குழந்தையின் நெற்றி, எல்லாவற்றையும் புறங்கையால்தான் தொடுவார். மீசைக்கு மட்டும் தவறாமல் கறுப்புச் சாயம். தலைக்குச் சாயம் பூச அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

இப்பேர்ப்பட்ட மனிதர் படிப்பது கல்லூரிப் பெண்கள் தலையணைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு படிக்கிற ஆவிக் காதல் கதை. பெயர் 'பாசிக் கிணற்றுக் காவலன்'. முதல் பாகத்தில் வெண்பா என்ற பெண் செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறாள். முன்னூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன காவல் வீரன் ஆதிரன் அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். அவள் தொட்டதும் அவனுக்கு உடம்பு வந்துவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் சட்டென்று காணாமல் போகிறான். இரண்டாம் பாகத்தில் திரும்பி வருகிறான். ஆனால் இப்போது வெண்பா அவன் கையைப் பிடிக்கும்போதெல்லாம் அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக மங்குகிறது. இதற்கு நடுவில் ருத்ரா என்று ஒருவன் வந்து சேர்கிறான். பகலில் மனிதன், இருட்டினால் சிறுத்தை. அவனுக்கும் வெண்பா மேல் ஆசை.

இதை எழுதுவது சந்திரகிரியாள் என்ற பெண். சந்திரகிரியாள் வேறு யாருமில்லை, நான்தான். இது ஊரில் யாருக்கும் தெரியாது. திருவண்ணாமலை ரோட்டில் ஆதார் அட்டைக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறவள் சிறுத்தை மனிதனுக்குக் காதல் வசனம் எழுதுகிறாள் என்று தெரிந்தால், அப்புறம் எவன் என்னிடம் நிம்மதியாக ஜாதிச் சான்றிதழ் நீட்டுவான்? ஆகவே வாயை மூடிக்கொண்டு, வாரா வாரம் எதிரே உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உதடு அசைய அசையப் படிப்பார். ஆதிரன் வந்தால் மீசை விரியும். ருத்ரா வந்தால், "இவன் எதுக்கு இப்ப" என்று முனகல் வரும். எழுதுகிற எவளுக்கும் இதைவிடச் சந்தோஷம் கிடையாது. வெள்ளிக்கிழமை வந்தால் எனக்குத் தரையில் கால் பாவாது.

அவர் இந்தக் கதைக்குள் விழுந்த விதமே வேடிக்கை. ஒரு வீட்டில் பியூஸ் போட்டுக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் உட்கார்ந்து கல்லூரிப் பெண் ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதிருக்கிறாள். வீட்டில் துக்கம் என்று நினைத்து அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றுவிட்டார். "யாரும்மா பூட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார். "ஆதிரன் அங்கிள்" என்று அவள் விக்கியிருக்கிறாள். "வயசு இன்னா?" என்றதற்கு, "முன்னூத்தி இருவது" என்றாளாம். அப்புறம் முழுக் கதையையும் அவளிடமே கேட்டுக்கொண்டு, முதல் பாகத்தை ஒரே வாரத்தில் முடித்து, இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயத்தின் கீழ் கருத்தும் எழுதிவிட்டார்: "ஆதிரன் திரும்பி வந்தது மிக்க மகிழ்ச்சி. புதிதாக வந்திருக்கும் பையனை நம்ப வேண்டாம். இப்படிக்கு, தனகோட்டி, வயர்மேன்." வாசகிகளுக்கு அன்றிலிருந்து அவர் 'வயர்மேன் அங்கிள்'. அவர் கருத்து வரும்வரை தங்கள் கருத்தைச் சொல்லாமல் காத்திருக்கிற பெண்களும் இருக்கிறார்கள்.

வீட்டில்தான் கட்சி வேறு. குஞ்சம்மாள் அண்ணி, நெல் மூட்டைகள் ஏலத்துக்கு வரும் கமிட்டிக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கிறாள். தானாகப் படிக்க மாட்டாள். மறுநாள் காலையில் அவள் சட்னி அரைக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்து அத்தியாயத்தை ஒப்பிக்க வேண்டும். கேட்டுக் கேட்டு அண்ணி ருத்ரா பக்கம் சாய்ந்துவிட்டாள். "உசுரோட இருக்கறவன உட்டுட்டு செத்தவன் பின்னால போவுதே, அந்தப் பொண்ணுக்குப் புத்தி இருக்குதா?" என்று இட்லி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நியாயம் கேட்பாள். அவன் சிறுத்தையாக மாறுகிறானே என்று அண்ணன் ஒருநாள் எடுத்துச் சொன்னார். "மாறட்டுமே. நீ ராத்திரியில கொறட்ட உடறியே, நான் பொறுத்துக்கல?" என்றாளாம். ருத்ராவுக்கு அடி விழுந்த வாரங்களில் அண்ணன் தட்டில் சட்னி கம்மியாகத்தான் விழும்.

அண்ணனிடம் காதலுக்கென்று ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. "ரெண்டு பேஸ ஒண்ணா சேத்தா வெடிச்சிடும். ஒரு பேஸு, ஒரு நியூட்ரல் இருந்தாத்தான் பல்பு எரியும். வெண்பாவும் ருத்ராவும் ரெண்டும் பேஸு. எப்பப் பாரு மொறச்சிக்கினே இருக்குதுங்க. ஆதிரன் நியூட்ரலு. அவன் பாட்டுக்கு அமைதியா இருப்பான், ஆனா அவன் இல்லன்னா எதுவும் எரியாது." இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். உங்களுக்கும் அண்ணிக்கும் எப்படி என்று கேட்டேன். "எங்க ஊட்ல அவதான் மெயினு" என்று சொல்லி வெட்கப்பட்டார்.

இவ்வளவு ஆசையாகப் படிக்கிறவருக்கு நான் செய்யவிருந்த காரியம்தான் மோசம். கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்து வைத்துவிட்டிருந்தேன். அதில் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகால் முன்னால், விடிகிற நேரத்தில், ஆதிரன் ஒரேயடியாக மறைந்துவிடுகிறான். வெண்பா ருத்ராவோடு கோட்டையை விட்டு வெளியேறுகிறாள். எனக்கு அதில் பெருமை வேறு. படிக்கிறவர்கள் அழ வேண்டும், அழுதால்தான் மறக்க மாட்டார்கள் என்று அப்போது உறுதியாக நம்பினேன். அந்த அழுகிறவர்கள் பட்டியலில் ஒரு மீசையும் இருக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

அதற்கு முந்தைய அத்தியாயத்தில் ஆதிரனின் கை மணிக்கட்டுவரை மங்கிப் போனது. அதைப் படித்த அன்று அண்ணன் ரிட்டர்ன் கொடுக்கவே மறந்துவிட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணி என் போனுக்குக் கூப்பிட்டு, "அங்கதான் இருக்குதா அது?" என்று கேட்டாள். இருக்கிறார் என்றேன். "ருத்ராவுக்கு எதுனா ஆயிடுச்சா?" என்றாள் உடனே. இல்லை, ஆதிரனுக்கு என்றேன். "அப்ப சரி" என்று வைத்துவிட்டாள்.

வெகு நேரம் கழித்து அண்ணன் எழுந்து வந்து என் மேஜை மேல் கையை ஊன்றினார். "பாரதிம்மா, அந்தப் பையன் ஏன் மங்கறான்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி. எர்த் இல்ல. முத பாகத்துல அந்தப் பொண்ணு மொதமொத அவனத் தொட்டப்ப செருப்பு அறுந்துபோய் வெறுங்காலோட நின்னுச்சி. அவனுக்கு உடம்பு வந்துச்சி. ரெண்டாம் பாகம் பூரா ஷூ போட்டுக்கினு திரியுது. கோட்ட மண்ணுல அது காலு படவேயில்ல. அப்பறம் எப்பிடி அவன் நிப்பான்?"

நான் சிரித்தேன். கதையில் அப்படியெல்லாம் இருக்காது, எழுதுகிறவள் வேறு ஏதாவது யோசித்திருப்பாள் என்றேன். எர்த் போட்டால் இருக்கிற கொஞ்ச மின்சாரமும் மண்ணுக்குள் போய்விடாதா என்று மடக்கவும் பார்த்தேன். "அதுவும் ஞாயந்தான்" என்று தலையைச் சொறிந்தார். "ஆனா மனுசனுக்குப் போட்றது காப்பாத்தத்தான?" அவர் போனதும் முதல் பாகத்தை எடுத்துப் பார்த்தேன். வெண்பாவின் செருப்பு கோட்டையின் ராஜகிரி மலைப்படியில் அறுந்துதான் போயிருந்தது. அதை எழுதிய அன்று என் செருப்பு அறுந்திருந்தது, அந்த எரிச்சலில் அவள் செருப்பையும் அறுத்துவிட்டிருந்தேன். அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது. அப்படியிருந்தும் அந்த வாரம் முழுக்க எங்கே போனாலும் என் கண் எல்லோருடைய காலுக்கும்தான் போனது.

அண்ணன் அந்த வாரம் வேறொரு வேலையும் செய்தார். செவ்வாய்க்கிழமை ராஜகிரிப் படியேறி, மலைமேல் இருக்கும் கமலக்கண்ணியம்மன் கோயிலுக்குப் போய் ஆதிரன் பேருக்கு அர்ச்சனை வைத்தார். பூசாரி நட்சத்திரம் கேட்டதும் கொஞ்சம் தடுமாறி, "ஆதிரன்னா திருவாதிரையாத்தான் இருக்கும் சாமி" என்றிருக்கிறார். "இருக்குமா? பையன் உங்க பையன்தான?" என்று பூசாரி கேட்க, "பையன் மாதிரிதான். நாளுக்கு நாள் உருத் தெரியாம போயிக்கினு இருக்கான்" என்று இவர் கண்ணைத் துடைத்திருக்கிறார். டாக்டரிடம் காட்டினீர்களா என்று அவர் விசாரித்தாராம். "காட்ட முடியாது சாமி, டாக்டர் கண்ணுக்குத் தெரிய மாட்டான்." பூசாரி மனம் உருகி, அம்மன் காலில் இருந்த எலுமிச்சம்பழத்தையும் சேர்த்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மலையிறங்குவதற்குள் செய்தி ஊருக்குள் இறங்கிவிட்டது. வயர்மேன் பையனுக்கு ஏதோ பெரிய வியாதியாம், உருக்குலைந்து கிடக்கிறானாம். அண்ணனுக்கு உள்ளபடி ஒரே பையன், சிவசங்கர். ஓசூரில் நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கிறான். அவலூர்பேட்டையில் இருக்கும் அத்தை அவனுக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டாள். "நான் நல்லாத்தான இருக்கறன் நைனா, அத்த எதுக்கு என்ன ஆரஞ்சு ஜூஸ் குடிக்கச் சொல்லுது?" என்று அவன் கேட்டபோதுதான் வீட்டில் விஷயம் வெடித்தது. அண்ணி கரண்டியோடு என் கடைக்கே வந்துவிட்டாள். "பெத்த புள்ளைக்கு ஒரு சூடம் ஏத்தியிருக்குமா இது? ஆவிக்குப் போய் அர்ச்சன பண்ணிட்டு வருது. சரி பண்ணதுதான் பண்ண, ருத்ரா பேரையும் சொல்லியிருந்தா இன்னா கொறஞ்சா பூடும்?" அவளுக்கு உண்மையான வருத்தம் எதில் என்று அப்போதுதான் புரிந்தது. நான் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டு, விலா வலிக்கச் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கடைசி அத்தியாயம் மதியம் வெளியாக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் கிடையாது. அதை நிறுத்தப்போகிறவரே காலையில் முதல் ஆளாக என் கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தை எடுத்து என் கம்ப்யூட்டர் கீபோர்டு மேல் வைத்தார். அம்மன் குங்குமம்.

"ஆதிரங்கிட்ட சேத்துடும்மா."

நான் முழித்தேன். "நான் எப்படிண்ணா..."

"வேணாம் பாரதிம்மா. எனக்குத் தெரியும். ஒங்க தெரு டிரான்ஸ்பார்மர் எந்த வாரம் வியாழக்கெழம பூடுதோ, அந்த வாரம் அத்தியாயம் சனிக்கெழமதான் வரும். மொத தபா சும்மா இருந்தன். அப்பறமும் அப்பிடியே ஆச்சி. தீபாவளிக்கு ஒங்க ஊட்டு சர்வீஸ் வயர் மட்டும் பூடுச்சே, தெருவுல மத்த எல்லாருக்கும் லைட் எரிஞ்சிது. அந்த வாரமும் லேட்டு. அப்ப வேற யாரு?"

ஒரு வருஷமாக எதிரே உட்கார்ந்து, ருத்ரா மோசமானவன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா நீ முன்னாடியே கதைய சொல்லிடுவன்னு பயம். அப்பறம் வெள்ளிக்கெழமைக்கு இன்னா இருக்குது எனக்கு?" என்றார். போகும்போது திரும்பி நின்று, "நீ எழுதறதுதான். ஒன் இஷ்டம். நான் எதுவும் சொல்லல" என்றார். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அதைச் சொன்னார்.

அவர் எதிரிலிருந்த கம்பத்தில் ஏறினார். தெரு முழுக்க மின்விசிறிகள் நின்றன. நான் குங்குமப் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, எழுதி வைத்திருந்த அத்தியாயத்தைத் திறந்தேன். ஒருவர் அழுவார் என்பதற்காக முடிவை மாற்றுவது எழுத்துக்கு அழகா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அழகில்லை என்றுதான் பதில் வந்தது. ஆனால் அழ வைப்பது மட்டும் எந்த ஊர் அழகு? படித்துப் பார்த்தேன். ஆதிரன் மறைகிற இடத்தில் வெண்பா ஷூ போட்டுக்கொண்டு நின்றாள். அது முன்பு என் கண்ணில் படவில்லை. இப்போது வேறெதுவும் படவில்லை. முழு அத்தியாயத்தையும் அழித்தேன்.

என் கடை இன்வெர்ட்டர் சின்னது. விசிறி, விளக்கு, ஜெராக்ஸ் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு கம்ப்யூட்டரையும் வைஃபையையும் மட்டும் விட்டேன். வியர்வை கீபோர்டில் சொட்டியது. மதியம் தாண்டியது. போனில் வாசகிகள் வரிசை கட்டிவிட்டார்கள்: எங்கே அத்தியாயம், வயர்மேன் அங்கிளாவது பதில் சொல்லட்டும். இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்ததும் நான் வாசலுக்கு ஓடிவந்து அண்ணாந்து கத்தினேன். "அண்ணா, கரண்ட் எப்ப வரும்?"

"இன்னாம்மா அவசரம்?"

"ஒருத்தர் உசுரு விஷயம்."

கம்பத்தின் மேல் அவர் கை அப்படியே நின்றது. கீழே கயிறு பிடித்திருந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேல முடியாம குடுக்க முடியாதும்மா. நான் அவசரப்பட்டன்னா ஆதிரனுக்குத் தொணையா நானும் கோட்டைக்குப் போயிடுவன். இருக்கற பேட்டரிய வெச்சி ஓட்டு." பிறகு, "இன்னா எழுதறன்னு மட்டும் சொல்லிடாத" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் ரேஷன் கார்டோடு கடைப்படி ஏறினார். நான் வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து குரல் வந்தது: "அங்க போவாதீங்க, மிஷினு ரிப்பேரு. அவலூர்பேட்டையில போய் எடுத்துக்குங்க." ஒரு பக்க ஜெராக்ஸுக்கு அவலூர்பேட்டை பஸ் ஏறச் சொன்ன ஒரே வயர்மேன் இவராகத்தான் இருப்பார். வந்தவர் கம்பத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கடைசி வரியை அடித்து 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். போய்ச் சேர்ந்த அடையாளம் வந்ததும் திரை அணைந்தது. சாயங்காலம் விளக்குகள் எரிந்தபோது அண்ணன் இடுப்புக் கயிறைக்கூட அவிழ்க்காமல் உள்ளே வந்தார். அண்ணிக்குச் சொன்னார், ஆபீசுக்குச் சொன்னார், என்னைப் பார்த்து, "லைன் கிளியர்" என்றார். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

நான் ஜெராக்ஸ் மெஷினைத் துடைக்கிற சாக்கில் நின்றேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். அவர் உதடுகள் அசைந்தன. கல்யாண மகால் வந்திருக்கும், விடியல் வந்திருக்கும். ஓரிடத்தில் உதடு நின்றது. பிறகு, தன்னை அறியாமலே, ஸ்டூலுக்கு அடியில் ஒரு காலால் இன்னொரு காலின் செருப்பைத் தள்ளிக் கழற்றினார். அடுத்ததையும் கழற்றினார். வெறும் பாதங்களைச் சில்லென்ற சிமெண்டுத் தரையில் நன்றாக அழுத்தி ஊன்றிக்கொண்டு மேலே படித்தார்.

போன் அதிர்ந்தது. லைன் கிளியர் கொடுத்தும் அண்ணியால் பொறுக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் அவள் குரல்: "இன்னா ஆச்சி? எம்புள்ள ருத்ரா இன்னா ஆனான்?"

"நல்லா இருக்கான். மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கான்" என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தனியாவா? அந்தப் பாரதிகிட்ட சொல்லி அவனுக்கும் ஒரு பொண்ணு பாக்கச் சொல்லு. எனக்கும் எல்லாம் தெரியும்."

அண்ணன் ரிட்டர்ன் கொடுக்க எழவில்லை. கடைசி வரிக்கு வந்துவிட்டார் என்பது அவர் கட்டைவிரல் மேலே நகர மறுப்பதிலிருந்து தெரிந்தது. அங்கே வெண்பாவின் கைக்குள் ஒரு கை மங்காமல் இருந்தது. அண்ணன் போனை இடது உள்ளங்கையில் மல்லாத்தி வைத்தார். சட்டையில் வலது கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கையைத் திருப்பி, மூச்சை அடக்கி, புறங்கையால் அந்த வரியை மெல்லத் தொட்டுப் பார்த்தார்.